கேத்தரின் ஹோவர்ட்: குற்றம் முன்னே, சட்டம் பின்னே

கேத்தரின் ஹோவர்ட் எந்த ஆண்டு பிறந்தார் என்பதை அவருடைய குடும்பத்தில் யாரும் குறித்து வைக்கவில்லை. 1520-களின் முற்பகுதியில் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அதே பெண் பதின்பருவத்தில் எந்த இரவில் யாரோடு இருந்தார், பெண்கள் படுத்துறங்கும் கூடத்தின் சாவியை யார் எடுத்தார்கள், பின்னிரவில் வந்த இளைஞர்கள் மதுவோடு என்னென்ன பழங்கள் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் சாட்சிகளின் வாக்குமூலங்களாகப் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. பிறந்தபோது ஒரு வரி எழுதத் தோன்றாதவர்கள், கொல்ல வேண்டிய நேரம் வந்ததும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்கள்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஐந்தாம் மனைவி அவர். அரசியாக இருந்தது 1540 ஜூலை முதல் 1541 நவம்பர் வரை, பதினாறு மாதங்கள்கூட நிறையவில்லை. வயதான கணவரை ஏமாற்றிய விளையாட்டுப் பெண் என்ற ஒற்றை வரியில் அவர் கதையை முடித்துவிடுவது வழக்கம். அவர் கவனமின்றி நடந்துகொண்டார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் தலையை வாங்கியது வேறு. மணத்துக்கு முந்தைய வாழ்க்கை ஒன்று, மணத்துக்குப் பிந்தைய சந்திப்புகள் வேறொன்று. இரண்டையும் ஒரே குற்றமாக முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்குப் பொருந்தும் சட்டத்தைப் பிறகு இயற்றிக்கொண்டார்கள். அவரை அரண்மனைக்குள் கொண்டுபோய் நிறுத்தியவர்களுக்கு அந்த முந்தைய வாழ்க்கை தெரியும். இதைச் சேர்த்துப் பார்க்காமல் கேத்தரினைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

அவருடைய தந்தை எட்மண்ட் ஹோவர்ட், நார்ஃபோக் டியூக் குடும்பத்தின் இளைய மகன்களில் ஒருவர். பெரிய குலம், வெறும் கை. கடன்காரர்களுக்குப் பயந்து வாழ்ந்த மனிதர். தாய் ஜாய்ஸ் கல்பெப்பர், மகள் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அக்காலத்து உயர்குடிகள் பிள்ளைகளைப் பெரிய வீடுகளுக்கு அனுப்பி வளர்ப்பது இயல்பு. கேத்தரின் போய்ச் சேர்ந்தது, தாத்தாவின் இரண்டாம் மனைவியான ஆக்னஸ் சீமாட்டியின் வீட்டுக்கு. முதலில் சசெக்ஸில் ஹார்ஷம் அருகே இருந்த செஸ்வர்த் மாளிகை, பிறகு லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் லாம்பெத். வேலைக்காரப் பெண்களும் உறவுக்காரப் பெண்களும் ஒரே கூடத்தில் உறங்கும் வீடு. பெரியவர்களின் கண்காணிப்பு என்பது எப்போதாவது வந்து விழும் அடி மட்டுமே.

1536-ஐ ஒட்டி இசை கற்பிக்க வந்தவன் ஹென்றி மானாக்ஸ். மாணவிக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கலாம். அவன் எல்லை மீறித் தொட்டதைப் பின்னாளில் அவனே விசாரணையில் ஒப்புக்கொண்டான். இருவரையும் தனியே கண்ட ஆக்னஸ் சீமாட்டி அடித்தது கேத்தரினைத்தான். அடுத்து வந்தவன் பிரான்சிஸ் டெரம், அதே வீட்டில் பணிசெய்த கனவான். 1538-இல் இருவரும் கணவன் மனைவி என்றே ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டார்கள், ஒரே படுக்கையில் உறங்கினார்கள். அயர்லாந்துக்குப் புறப்பட்டபோது தன்னிடமிருந்த நூறு பவுனை அவன் கேத்தரினிடம் கொடுத்துவிட்டுப் போனான். கூடத்தில் படுத்திருந்த மற்றப் பெண்களுக்கு இது தெரியும். பொறாமையில் வெந்த மானாக்ஸ் ஆக்னஸ் சீமாட்டிக்குப் பெயரில்லாக் கடிதம் எழுதியதால் அவருக்கும் தெரியும். லாம்பெத் வீட்டில் இது இரகசியமாகவே இருந்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1539-இன் இறுதியில் கேத்தரினுக்கு அரண்மனையில் இடம் கிடைத்தது. கிளீவ்ஸ் நாட்டிலிருந்து வரவிருந்த புதிய அரசி ஆனுக்குத் தோழியர் தேவைப்பட்டார்கள். பிரான்சும் ஹாப்ஸ்பர்க் பேரரசும் கைகோத்து இங்கிலாந்தைத் தனிமைப்படுத்திவிடும் என்ற அச்சத்தில், ஜெர்மானிய நாடுகளின் துணையை நாடி அமைச்சர் தாமஸ் கிராம்வெல் பேசி முடித்த சம்பந்தம் அது. மன்னருக்கு மணப்பெண்ணைப் பிடிக்கவில்லை. ஊருக்காக 1540 ஜனவரி 6 அன்று ஒரு திருமணம் நடந்தது. பிரான்சும் பேரரசும் மீண்டும் பிணங்கத் தொடங்கியதும் அந்தச் சம்பந்தத்துக்கு இருந்த ஒரே காரணமும் போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் மன்னரின் கண் கேத்தரின் மீது விழுந்தது. நாற்பத்தெட்டு வயது மன்னர், ஆறாத கால் புண், பருத்த உடல். பெண்ணுக்கு இருபது வயதை ஒட்டி, அல்லது அதற்கும் குறைவு. இதைக் காதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மன்னரின் பக்கத்தில் அது காதலாகவே இருந்திருந்தாலும். ஏப்ரலில், சசெக்ஸில் கொலைக் குற்றத்தில் சிக்கிய இருவரின் பறிமுதல் சொத்துகள் கேத்தரினுக்கு மானியமாக வந்தன. மே மாதத்தில் பட்டுப் போர்வைகள் வந்தன. மன்னர் படகேறித் தேம்ஸைக் கடந்து அவரைப் பார்க்கப் போவதையும், வின்செஸ்டர் பிஷப் ஸ்டீஃபன் கார்டினர் தன் மாளிகையில் அவர்களுக்கு விருந்து வைப்பதையும் லண்டன்வாசிகள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.

கார்டினருக்கும் கேத்தரினின் பெரியப்பா நார்ஃபோக் டியூக்குக்கும் கிராம்வெல் பொது எதிரி. மதச் சீர்திருத்தத்தை வெகுதூரம் கொண்டுபோகிறார் என்ற கோபமும், கொல்லன் மகன் தங்களுக்கு மேலே அமர்ந்திருக்கிறார் என்ற எரிச்சலும் இருந்தன. ஜூன் 10 அன்று கிராம்வெல் கைதானார். ஜூலை 9 அன்று கிளீவ்ஸ் ஆனின் திருமணம் செல்லாது என அறிவிக்கப்பட்டது. ஜூலை 28 அன்று கிராம்வெல் தலை வெட்டப்பட்டது. அதே நாளில் சர்ரேயில் இருந்த ஓட்லண்ட்ஸ் அரண்மனையில் ஹென்றி கேத்தரினை மணந்தார். ஹோவர்ட் குலத்திலிருந்து ஹென்றி எடுத்த இரண்டாம் மனைவி இவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்ட ஆன் போலினின் தாயும் கேத்தரினின் தந்தையும் உடன்பிறந்தவர்கள். பழைய திருச்சபை விதிப்படி, முன்னாள் மனைவியின் நெருங்கிய உறவுப் பெண்ணை மணப்பதில் சிக்கல் இருந்தது. அதைத் தீர்ப்பதற்கென்றே அந்தக் கோடையில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது.

அந்தச் சட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஒருவர் வேறு யாரோடாவது மண உறுதி மட்டும் செய்திருந்து, உடல் உறவு நிகழாமல் இருந்தால், அந்த உறுதி பிற்பாடு முறையாக நடந்து நிறைவேறிய திருமணத்தைக் கெடுக்காது என்றும் அது சொன்னது. திருப்பிப் படித்தால், உறவும் நிகழ்ந்த மண உறுதியின் பழைய வலிமையில் அது கைவைக்கவில்லை. அக்காலத்தில் பாதிரியாரும் சாட்சியும் இல்லாமலே, இருவர் மனமொத்து வாக்களித்துக் கூடி வாழ்ந்தால் திருச்சபை அதைத் திருமணமாகக் கருத இடமிருந்தது. லாம்பெத் கூடத்தில் கணவன் மனைவி என்று அழைத்துக்கொண்ட இரண்டு பேருக்கு இது என்ன பொருள் தரும் என்பதை அந்த ஜூலையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் ஆக்னஸ் சீமாட்டி. அவரோ வாய்மூடி இருந்தார்.

ஆகஸ்ட் 8 அன்று ஹாம்ப்டன் கோர்ட்டில் கேத்தரின் அரசியாக மக்கள் முன் காட்டப்பட்டார். முடிசூட்டு விழா கடைசி வரை நடக்கவில்லை. தனக்கென அவர் ஏற்ற வாசகம், மன்னருடைய விருப்பமன்றி எனக்கு வேறு விருப்பம் இல்லை என்பது. மன்னர் முன்னைய மனைவியர் எவரையும்விட இவரைக் கொஞ்சுகிறார் என்று பிரெஞ்சுத் தூதர் மாரியாக் தன் நாட்டுக்கு எழுதினார். அந்தக் குளிர்காலத்தில் ஹென்றி விடியலில் எழுந்து, வழிபாடு முடித்து, பத்து மணி வரை குதிரை ஏறினாராம்.

அரசியாக அவர் செய்தவை பெரும்பாலும் பேசப்படுவதில்லை. 1541 புத்தாண்டை ஒட்டி, தள்ளிவைக்கப்பட்ட கிளீவ்ஸ் ஆன் விருந்தாளியாக ஹாம்ப்டன் கோர்ட்டுக்கு வந்தார். ஒரு காலத்தில் தனக்கு எஜமானியாக இருந்தவரைக் கேத்தரின் அன்போடு வரவேற்றார். மன்னர் உறங்கப் போன பிறகு இருவரும் சேர்ந்து நடனமாடினார்கள். மன்னர் தனக்குக் கொடுத்த மோதிரத்தையும் இரண்டு சிறு நாய்களையும் கேத்தரின் ஆனுக்குக் கொடுத்துவிட்டார். லண்டன் கோபுரச் சிறையில் குளிரில் வாடிய மூதாட்டி மார்கரெட் போலுக்கு அந்த மார்ச்சில் கம்பளி உடைகள் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தைத்தவர் அரசியின் தையற்காரர். அதே மாதம் கவிஞர் தாமஸ் வயட் சிறையிலிருந்து விடுதலையானதற்கு அரசியின் பரிந்துரையே காரணம் என்று தூதர்கள் எழுதினார்கள். அனுபவமில்லாத ஓர் இளம்பெண், அரசியின் வேலைகளில் மிகப் பழமையானதும் ஆபத்தானதுமான ஒன்றை, மன்னரிடம் இரக்கம் கேட்பதை, தயங்காமல் செய்தார். அவரைத் தலையில் ஒன்றுமில்லாத பெண் என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போய்விடுகிறார்கள்.

லாம்பெத் மட்டும் அவரை விடவில்லை. திருமணத்துக்கு முன்பே, ஜூலை 12 அன்று, ஜோன் புல்மர் என்ற பழைய கூடத்துத் தோழி யார்க்கிலிருந்து கடிதம் எழுதி அரண்மனையில் வேலை கேட்டார். பழைய நட்பை நினைவூட்டும் கடிதம் அது. எல்லாம் தெரிந்தவர் எழுதும்போது நினைவூட்டலுக்கு வேறொரு முனையும் இருக்கும். அப்படி லாம்பெத் பெண்கள் சிலர் அரசியின் அறைப் பணிக்கே வந்துசேர்ந்தார்கள். 1541 ஆகஸ்டில் டெரமும் வந்தான். பாண்டிஃபிராக்ட் கோட்டையில் அரசியின் பணியாளர்களில் ஒருவனாக அவனுக்கு இடம் கிடைத்தது. அவனை ஏற்கும்படி வேண்டியது ஆக்னஸ் சீமாட்டியே.

அப்போது அரசவை வடக்கில் இருந்தது. 1536-இல் கிளர்ந்தெழுந்த யார்க்‌ஷர் மக்களின் பணிவை நேரில் பெறவும், ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸை யார்க்கில் சந்திக்கவும் ஹென்றி ஐயாயிரம் வரையிலான குதிரைகளோடு பெரும் பயணம் கிளம்பியிருந்தார். ஜேம்ஸ் வரவேயில்லை. அந்தப் பயணத்தில் லிங்கன், பாண்டிஃபிராக்ட், யார்க் என ஊர் ஊராக, நள்ளிரவில், பின்படிக்கட்டு வழியாக அரசியின் அறைக்கு ஒருவன் வந்துபோனான். அவன் தாமஸ் கல்பெப்பர், மன்னரின் அந்தரங்க அறைப் பணியாளன், தாய் வழியில் கேத்தரினுக்குத் தூரத்து உறவு. ஏற்பாடு செய்துகொடுத்தவர் ஜேன் ரோச்ஃபோர்ட், ஆன் போலினின் தம்பி மனைவி. லிங்கனில் காவலன் ஒருவன் பின்கதவு திறந்திருப்பதைக் கண்டு பூட்டிவிட்டுப் போக, கல்பெப்பரும் அவன் ஆளும் பூட்டை நெம்பித் திறந்தார்கள்.

கேத்தரின் கல்பெப்பருக்கு எழுதிய கடிதம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அவனுக்கு உடல்நலமில்லை என்று கேட்டு வருந்தியதையும், பார்க்கத் துடிப்பதையும், எழுதுவது தனக்கு எவ்வளவு சிரமம் என்பதையும் சொல்லி, உயிருள்ளவரை உன்னுடையவள் என்று கையெழுத்திட்டிருக்கிறார். உறவின் எல்லை எதுவரை போனது என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசம் பொய்யில்லை. அதைப் படித்துவிட்டு அவரைச் சூழ்ச்சிக்காரி என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வெடித்தது கல்பெப்பர் விஷயம் அல்ல என்பதுதான் இங்கே முக்கியம். ஆக்னஸ் வீட்டில் முன்பு பணிசெய்த மேரி ஹால் என்ற பெண்ணிடம், அரசியிடம் வேலை கேட்டுப் போகலாமே என்று அவருடைய அண்ணன் ஜான் லாசல்ஸ் சொன்னார். அவள் நடத்தை எனக்குத் தெரியும் என்று மறுத்தார் மேரி. சீர்திருத்த நம்பிக்கையில் தீவிரமான லாசல்ஸ் அதை ஆர்ச்பிஷப் கிரான்மரிடம் கொண்டுபோனார். நல்ல மனைவியைத் தந்ததற்காக மன்னர் கடவுளுக்கு நன்றி செலுத்திய மறுநாள், 1541 நவம்பர் 2 அன்று, வழிபாட்டின்போது கிரான்மர் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். நேரில் சொல்லத் துணிவில்லை. மன்னர் முதலில் நம்பவில்லை. அரசியின் பெயரைக் காப்பாற்றவே விசாரிக்கச் சொன்னார். மானாக்ஸும் டெரமும் பேசினார்கள். சில நாட்களில் ஹென்றி வேட்டைக்குப் போவதாகச் சொல்லி ஹாம்ப்டன் கோர்ட்டை விட்டுப் போனவர் மனைவியை மறுபடி பார்க்கவேயில்லை.

கிரான்மர் கேத்தரினை விசாரித்துவிட்டு மன்னருக்கு எழுதிய அறிக்கை, இந்தக் கதையில் மனிதக் குரல் கேட்கும் அரிய இடங்களில் ஒன்று. முதலில் குற்றத்தின் கனத்தையும் சட்டத்தின் கடுமையையும் சொல்லி, கடைசியில் மன்னரின் கருணையைச் சொல்வதாக இருந்தாராம். அந்தப் பெண் இருந்த நிலையைப் பார்த்ததும் கருணையிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. ஓரளவு தேறியவர் மாலை ஆறு மணி அளவில் மறுபடி உடைந்து அழுதார். ஏன் என்று கேட்டபோது, மன்னரின் செய்தியோடு அவருடைய பணியாளர் ஹெனேஜ் வழக்கமாக வரும் நேரம் இது என்றார்.

அதே அறிக்கையில் சட்டத்தின் திறவுகோலும் இருக்கிறது. டெரமோடு நடந்ததை அவர் சொன்ன விதத்தில், அது உறவும் நிகழ்ந்த மண உறுதி என்று நிறுவப் போதும் எனக் கிரான்மர் கருதினார். கேத்தரினோ அப்படி ஒன்று இல்லை என்றார், டெரம் தன்னை வற்புறுத்தினான் என்றார். ஆம், அவன் என் கணவன் என்று அவர் சொல்லியிருந்தால், மன்னரோடு நடந்தது திருமணமே ஆகாது. திருமணம் இல்லையென்றால் மன்னருக்குச் செய்த துரோகமும் சட்டப்படி தள்ளாடும். கிளீவ்ஸ் ஆனைப்போல ஒதுங்கி வாழும் வழி திறந்திருக்கலாம். மன்னரின் ஆலோசனைக் குழு இதை நன்றாகவே உணர்ந்திருந்தது. அரசியின் நடத்தையை அரண்மனைப் பணியாளர்களுக்கு அறிவிக்கும்போது, அவருடைய தற்காப்புக்கு உதவக்கூடும் என்பதால் மண உறுதியைப் பற்றிப் பேச வேண்டாம் என்று உத்தரவு போயிற்று. ஒரு பெண்ணுக்குத் தெரியாத தப்பும் வழியை, தெரிந்தவர்கள் மூடினார்கள். அவருக்கு அருகில் சட்டம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அந்த வழி கட்டாயம் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லத் துணியவில்லை. 1536-இல் ஆன் போலினின் திருமணம் செல்லாது என்று அறிவித்த இரண்டாம் நாளே, செல்லாத அந்தத் திருமணத்துக்குத் துரோகம் செய்ததாக அவரைக் கொன்றார்கள். ஆனாலும் ஆன் போலினுக்குப் பிரபுக்கள் முன் ஒரு விசாரணையாவது கிடைத்தது. கேத்தரினுக்கு அதுவும் இல்லை.

விசாரணை நீண்டபோது கல்பெப்பர் பெயர் வெளிவந்தது. இருவரும் உறவு நடந்ததாக ஒப்புக்கொள்ளவே இல்லை. தவறு செய்யும் எண்ணம் தனக்கும் அரசிக்கும் இருந்தது என்று மட்டும் கல்பெப்பர் சொன்னான். அது போதுமானதாக இருந்தது. டிசம்பர் 1 அன்று கில்ட்ஹாலில் விசாரணை, 10-ஆம் தேதி டைபர்னில் தண்டனை. கல்பெப்பர் தலை வெட்டப்பட்டது. டெரம் தூக்கிலிடப்பட்டு, குடல் உருவப்பட்டு, நான்காக வெட்டப்பட்டான். அவன் செய்த முதல் குற்றம், அரசியாகாத ஒரு பெண்ணோடு மூன்று ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அரசியிடம் பணிக்குத் திரும்பியதையே பழைய உறவைத் தொடரும் நோக்கமாகக் காட்டினார்கள்.

கேத்தரின் நவம்பரிலேயே சையன் மடத்துக்கு அனுப்பப்பட்டு, அரசிப் பட்டமும் பறிக்கப்பட்டிருந்தார். ஜனவரி 16 அன்று நாடாளுமன்றம் கூடியது. வழக்கு நடத்தாமலே ஒருவரைக் குற்றவாளி என்று சட்டமாக அறிவிக்கும் முறை ஒன்று அங்கே இருந்தது. ஹென்றியின் ஆட்சியில் அது தாராளமாகப் பயன்பட்டது, கிராம்வெல்லும் அதற்கே இரையானார். அரசி சாதாரண ஆள் அல்ல, அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று லார்ட் சான்சலர் ஆட்லி பிரபுக்கள் சபையில் ஒருமுறை சொன்னார். ஆனால் திறந்த சபையில் அவர் பேசும் நாள் வரவேயில்லை.

அந்த முறையில் கேத்தரினைக் குற்றவாளியாக அறிவித்த சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. மன்னர் மணக்க விரும்பும் பெண் கன்னியாக இல்லாமல், அதை முன்கூட்டியே சொல்லாமல் மணந்தால், அது இராஜ துரோகம். தெரிந்தும் சொல்லாதவர்களும் குற்றவாளிகள். 1540 ஜூலையில் இப்படியொரு குற்றம் இங்கிலாந்தில் இல்லை. கேத்தரின் மணந்த நாளில் சட்டம் தடுக்காத ஒன்றை, 1542 பிப்ரவரியில் துரோகம் என்று பெயரிட்டார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். ஜேன் ரோச்ஃபோர்ட் சிறையில் சித்தம் கலங்கிப் போயிருந்தார். பைத்தியம் பிடித்தவரைக் கொல்லக் கூடாது என்பது வழக்கம். துரோகிகளுக்கு அந்த விலக்கு இல்லை என்று அதற்கும் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள்.

பிப்ரவரி 10 அன்று கேத்தரினைப் படகில் கோபுரச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 12-ஆம் தேதி இரவு, எப்படித் தலை வைப்பது என்று பழகிப் பார்க்க வெட்டுக்கட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார். மறுநாள் காலை அவரும், அவருக்குப் பின் ரோச்ஃபோர்ட் சீமாட்டியும் கொல்லப்பட்டார்கள். கல்பெப்பரின் மனைவியாக இறக்கவே விரும்புவேன் என்று மேடையில் அவர் சொன்னதாக உலவும் வசனம் நம்பத்தகாத ஒரு ஸ்பானிய நூலிலிருந்து வந்தது. நேரில் பார்த்த லண்டன் வணிகர் ஒட்வெல் ஜான்சன் எழுதிய கடிதத்தில் அப்படி ஏதும் இல்லை. இரண்டு பெண்களும் கடவுளை நம்பி அமைதியாக இறந்தார்கள் என்றே அவர் எழுதினார்.

ஹோவர்ட் குலத்தில் பலர் உண்மையை மறைத்த குற்றத்துக்குச் சிறை சென்றார்கள். ஆக்னஸ் சீமாட்டியும் அவர்களில் ஒருவர். அனைவரும் பிறகு மன்னிக்கப்பட்டார்கள். நார்ஃபோக் டியூக் டிசம்பரிலேயே மன்னருக்குக் கடிதம் எழுதித் தன் உடன்பிறந்தாரின் மகள்களுடைய இழிசெயலைத் தானே தூற்றித் தப்பித்துக்கொண்டார். 1542-இலேயே ஸ்காட்லாந்துக்கு எதிரான படைக்குத் தலைமையும் ஏற்றார்.

இந்தச் சட்டத்துக்குப் பிறகு மன்னரை மணக்க ஆசைப்படும் பெண் அரசவையில் அரிதாகத்தான் இருப்பாள் என்று பேரரசின் தூதர் சாப்வி எழுதினார். 1543 ஜூலையில் ஹென்றி மணந்த கேத்தரின் பார் இருமுறை விதவையானவர். கன்னித்தன்மைப் பிரிவு, ஹென்றி இறந்த 1547-ஆம் ஆண்டிலேயே அவர் மகனின் ஆட்சியில் மற்றப் புதிய துரோகச் சட்டங்களோடு நீக்கப்பட்டது. அதே சட்டத்தின் இன்னொரு ஏற்பாடு நீண்ட காலம் வாழ்ந்தது. மனைவியின் குற்றப் பட்டியலை மன்னர் மறுபடி காதால் கேட்டு வேதனைப்படக் கூடாது என்பதற்காக, அவர் நேரில் வராமல் ஆணையர்கள் மூலம் ஒப்புதல் தரலாம் என்று அதில் எழுதினார்கள். பிரிட்டனின் சட்டப் புத்தகத்திலிருந்து அது நீங்கியது 1967-இல்தான்.